கல்லா காலியான பிறகு நாற்காலி!

கல்லாவில் காசு புரளும்போது எந்த ஊரிலும் பெண்ணை முதலாளி நாற்காலிக்குக் கூப்பிடுவதில்லை. கடன்காரன் வாசலில் வந்து நின்ற பிறகுதான், "நீ வந்து பாரும்மா" என்பார்கள்.

அமெரிக்காவில் வெர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரில் 1899-ல் நடந்ததும் இதுதான்.

செயின்ட் லூக் சங்கம் என்று கறுப்பின மக்கள் ஒரு சங்கம் நடத்தி வந்தார்கள. சில்லறைக் காசாகச் சந்தா கட்டினால் நோய் நொடிக்கு உதவி, செத்தால் அடக்கச் செலவு. அந்தச் சங்கத்தின் கையிருப்பு 31 டாலர் 61 செண்டு. கடனோ 400 டாலர்!

இருந்த செயலாளர் ஒதுங்கிக்கொண்டார். மேகி வாக்கர் என்ற கறுப்பினப் பெண்மணியை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். முன்னவர் ஆண்டுக்கு 300 டாலர் வாங்கியவர். இந்தம்மாவுக்கு 100!

மூழ்குற கப்பல், மூணுல ஒரு பங்கு சம்பளம். இதற்குப் பேர் பதவியாம்.

மேகியின் தாயார் ஒரு காலத்தில் அடிமை. பிறகு வெள்ளைக்காரர் வீட்டுத் துணி வெளுத்துப் பிழைத்தார். மூட்டை சுமந்து வீடு வீடாகப் போனவர் சிறுமி மேகி. படித்து டீச்சர் ஆனார். 1886-ல் கல்யாணம் ஆனதும் அந்த வேலையும் போயிற்று. கல்யாணமான பெண்ணுக்குப் பள்ளியில் இடமில்லை என்பது அன்றைய விதி.

அப்படிப்பட்டவர் 1903 நவம்பரில் ஒரு பேங்கைத் திறந்தார். முதல் நாளே 9,000 டாலருக்கு மேல் சேர்ந்தது. வந்தவர்களில் ஒருவர் போட்ட தொகை வெறும் 31 செண்டு. சிரிக்காமல் வாங்கிக் கணக்கு எழுதினார்கள். பிள்ளைகளுக்கு அட்டை உண்டியல் கொடுத்து, ஒரு டாலர் சேர்ந்தால் கொண்டுவரச் சொன்னார்கள்.

"பேங்குக்குத் தலைவரான முதல் அமெரிக்கக் கறுப்பினப் பெண்" என்று இன்றைக்கு எல்லோரும் பட்டம் கொடுக்கிறார்கள். கொடுக்கட்டும். அதைவிடப் பெரிய காரியம் ஒன்று உண்டு. அன்றைய ரிச்மண்டில் கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வேலை அடுப்படி, துணி வெளுப்பு, புகையிலை ஆலை. மேகி அவர்களைக் கூப்பிட்டுப் பேரேட்டின் முன்னால் உட்கார வைத்தார். டைப்ரைட்டரைக் கையில் கொடுத்தார். குமாஸ்தா நாற்காலியின் அருமை அதில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும்.

சும்மா விடுவாங்களா?

1905-ல் பிராடு தெருவில் பெரிய கடை திறந்தார். விற்பனைக்கு நின்றவர்கள் கறுப்பினப் பெண்கள். வெள்ளை வியாபாரிகள் முதலில் பணம் பேசிப் பார்த்தார்கள். மசியவில்லை. மொத்த வியாபாரிகளைப் பிடித்து, "அங்கே சரக்குப் போடாதே" என்று மிரட்டினார்கள். சொந்த ஜனமாவது வந்ததா? பாதிப் பேர் வெள்ளைக்காரன் கடைக்கே போனார்கள். மேகி மேடை ஏறித் திட்டியும் பார்த்தார். சில ஆண்டுகளில் கடையை மூட வேண்டியதாயிற்று.

1915 ஜூனில் இன்னொரு இடி. திருடன் நடமாட்டம் என்று பேச்சு. வீட்டின் பின்பக்கம் ஆள் தெரிய, மகன் துப்பாக்கியால் சுட்டார். விழுந்தவர் திருடனல்ல, பெற்ற தகப்பன்! மேகியின் கணவர் போனார். மகன் மீது கொலை வழக்கு. கோர்ட்டில் விடுதலை கிடைத்தது. ஊர் வாயிலிருந்து விடுதலை கிடைத்திருக்குமா? சந்தேகம்தான். அத்தனைக்கும் நடுவில் சங்கத்துப் பொறுப்பை மேகி விடவில்லை.

பிற்காலத்தில் கால்கள் முடங்கின. சக்கர நாற்காலியிலேயே ஆபீசுக்குப் போனார். 1929-ல் பங்குச் சந்தை கவிழ்ந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவில் பேங்குகள் ஆயிரக்கணக்கில் திவாலாயின. மேகியின் பேங்கு, ஊரிலிருந்த வேறு இரண்டு கறுப்பினர் பேங்குகளுடன் சேர்ந்து தப்பியது. புதிய பேங்குக்கும் அவரே சேர்மன். 1934 டிசம்பரில் காலமானார்.

காலியான கல்லாவைக் கொடுத்தவர்கள் பெருந்தன்மை என்று இதைச் சொல்ல முடியாது. வேறு யாரும் வாங்க மாட்டார்கள் என்பதால்தான் அந்தச் சாவி அவர் கைக்கு வந்தது. சம்பளத்தில் வெட்டியதே அதற்குச் சாட்சி.

2017-ல் ரிச்மண்டில் மேகிக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கையில் செக் புத்தகம். இடம், அவருடைய கடைக்குச் சரக்குப் போடாமல் மூட வைத்தார்களே, அதே பிராடு தெரு.