ரேடியேட்டரை மேல மாட்டுங்கப்பா!

கடைப்பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. இன்னிக்கு வந்ததே சண்டை போடத்தான். கவிதை, சினிமா விமர்சனம்னு எதிர்பார்த்து வந்த மக்கள் ஐந்தருவிப் பக்கம் ஒரு நடை போயிட்டு வாங்க. இது பொட்டி தட்டுறவங்களுக்கான பதிவு.

கம்ப்யூட்டர்ல லிக்விட் கூலிங் போடுறது இப்ப தென்காசி வரைக்கும் வந்தாச்சு. கேம் ஆடுற பசங்க, கல்யாண வீடியோ எடிட் பண்றவங்கன்னு ஆளாளுக்கு வாங்குறாங்க. நல்லது. ஆனா அந்த ரேடியேட்டரை எங்க மாட்டணும்னு கேட்டுப் பாருங்க. "எங்க இடம் இருக்கோ அங்க மாட்டுங்க அண்ணாச்சி"ன்னு பதில் வரும். பொட்டியை அசெம்பிள் பண்ற கடைக்காரங்களே இதைத்தான் சொல்றாங்க. இது அநியாயம்.

என் கட்சி இதுதான்: முதல் இடம் கேபினட்டோட மேல்தட்டு. அங்க இடமில்லேன்னா முன்பக்கம். அடித்தட்டு? சத்தியமா கூடாது.

காரணம் புரிய ராக்கெட் விஞ்ஞானம் வேண்டாம். உங்க வீட்டுத் தண்ணி மோட்டார் போதும். 'ஏர் பிடிச்சிருச்சு'ன்னா என்ன ஆகும்? மோட்டார் உறுமும், தண்ணி ஏறாது. அப்படியே விட்டா சூடேறிப் போயிடும். சிபியு மேல உக்காந்திருக்கிற அந்தக் குட்டி பம்ப்பும் அதே சாதிதான். பெரும்பாலான மாடல்கள்ல பம்ப் அங்கதான் இருக்கு.

"சீல் பண்ணி வர்ற அயிட்டம், அதுக்குள்ள ஏது காத்து?"ன்னு ஒருத்தர் கேப்பார். இருக்கு சாமி. கம்பெனியில நிரப்பும்போதே கொஞ்சம் காத்து உள்ள மாட்டிக்கும். அது போக, வருஷம் ஆக ஆக ரப்பர் குழாய்ச் சுவர் வழியாத் தண்ணி ஆவியாக் கசிஞ்சு கொறையும். கொறைஞ்ச இடத்தைக் காத்து பிடிச்சுக்கும். காத்து எப்பவும் உச்சிக்குத்தான் போகும். ரேடியேட்டர் மேல இருந்தா காத்து அதோட உச்சியில போய் சும்மா உக்காந்திருக்கும், யாருக்கும் தொந்தரவில்லை. ரேடியேட்டரை அடியில மாட்டினா மொத்தச் சுற்றுலயும் உசரமான இடம் பம்ப்தான். காத்து நேரா அங்க போய்ப் பாயை விரிச்சுப் படுத்துக்கும். முதல்ல கொடகொடன்னு சத்தம், அப்புறம் சூடு, அப்புறம் சங்கு.

எனக்குத் தெரிஞ்ச வீடியோ எடிட்டர் ஒருத்தருக்கு இதான் நடந்தது. ஒரு கடையில அடியில மாட்டிக் குடுத்துட்டாங்க. ஒன்றரை வருஷம் ஓடுச்சு. சரியா ஆவணி முகூர்த்தம் குவிஞ்ச நேரத்துல, ரெண்டர் போட்டா அஞ்சு நிமிஷத்துல மெஷின் தானா அணைஞ்சு போச்சு. கையில நாலு கல்யாணம் பாக்கி. பொண்ணு வீட்டுக்காரங்க போன் மேல போன். கடையில போய்க் கேட்டா "பம்ப் லக் சார், எங்க தப்பு இல்ல"ன்னாங்க. லக்காம்! நாலு ஸ்க்ரூவை இடம் மாத்தி மாட்டியிருந்தா அந்தக் காத்து பம்ப் பக்கமே வந்திருக்காது.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம்.

"முன்னால மாட்டினா வெளிக்காத்து நேரா ரேடியேட்டர்ல படும், சிபியு இன்னும் குளிரும்." உண்மைதான், சில டிகிரி குறையும். ஆனா ரேடியேட்டர்ல சூடான காத்து எங்க போகும்? கிராபிக்ஸ் கார்டு தலையிலதான். கேம் ஆனாலும் எடிட்டிங் ஆனாலும் பெரும்பாலும் அதிகம் கரண்டு தின்னு அதிகம் சூடாகுறது அந்தக் கார்டுதான். நம்ம மே மாசத்துல ரூமே 35 டிகிரி கொதிக்கும்போது, சிபியுவுக்கு விசிறி விட்டு கார்டுக்கு வெந்நி ஊத்துறது என்ன நியாயம்?

"சூடான காத்து மேல போகும், அதனாலதான் மேல மாட்டணும்." இவர் நம்ம கட்சிதான், ஆனா சொல்ற காரணம் தப்பு. ஃபேன் தள்ளுற வேகத்துக்கு முன்னால அந்த இயற்கை ஏத்தமெல்லாம் தூசு. ஃபேன் தள்ளுற பக்கம் காத்து போகும், அவ்வளவுதான். மேல மாட்டச் சொல்றது பம்ப்புக்காகவும் கார்டுக்காகவும்.

"குத்தாலம் சாரல்ல காத்தே ஈரம். லிக்விட் கூலிங் போட்டா உள்ள தண்ணி கோத்துக்கும்." இந்தப் புரளிதான் நம்ம ஊர் ஸ்பெஷல் :-)) ஜில்லுனு இருக்கிற டம்ளர்லதான் வெளிய தண்ணி கோக்கும், வெதுவெதுப்பா இருக்கிறதுல கோக்காது. ரேடியேட்டரும் ஃபேனும் எவ்வளவு முக்கினாலும் ரூம் சூட்டுக்குக் கீழ கொண்டு போக முடியாது. அதனால சாரல்ல துணி காயலேன்னாலும் உங்க போர்டு நனையாது.

"2020ல கேமர்ஸ் நெக்சஸ் வீடியோ பார்த்தேன், முன்னால மாட்டினா பம்ப் செத்துரும்." இல்லவே இல்லை. ஸ்டீவ் பர்க் சொன்ன விஷயத்தைக் காது மூக்கு வச்சுப் பரப்பிட்டாங்க. ரேடியேட்டரோட உச்சி பம்ப்பை விட உசரமா இருந்தா முன்னால மாட்டினாலும் பிழைச்சுக்கும். குழாய் எட்டுச்சுன்னா குழாய்ப் பக்கம் கீழ வர்ற மாதிரி மாட்டுங்க. குழாய் மேல இருந்தா அங்க தங்குற காத்து குழாய்க்குள்ள போய்க் கொஞ்சம் சத்தம் போடலாம்.

இன்னொரு நம்ம ஊர்ச் சங்கதி தூசு. ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியா அடிக்கிற காத்து காத்தாலைக்கு நல்லது, ரேடியேட்டருக்கு நல்லதில்லை. முன்னால மாட்டினா அந்தப் புழுதி முழுக்க ரேடியேட்டர் இடுக்குல அப்பிக்கும். மேல மாட்டி ஃபேனைக் காத்து வெளிய தள்ளுற மாதிரி வைங்க. முன்பக்கம் சாதா ஃபேன், அதுக்கு முன்னால வலை ஃபில்டர். மாசம் ஒருதரம் ஃபில்டரைக் கழுவினாப் போதும்.

வாங்குறதுக்கு முன்னால ரெண்டு விஷயம் பாருங்க. மேல்தட்டுல 240 போகுமா 360 போகுமான்னு ஒண்ணு. ரேடியேட்டரும் ஃபேனும் சேர்ந்த தடிமனுக்கு ராம் இடிக்காம இருக்குமான்னு இன்னொண்ணு. கடைக்காரர் "பார்த்துக்கலாம் சார்"னா நீங்களே டேப்பை வச்சு அளந்துருங்க. மேலயும் இடமில்லை, முன்னாலயும் இடமில்லைன்னா லிக்விட் கூலிங்கே வேண்டாம். நல்ல டவர் ஏர் கூலர் ஒண்ணு வாங்கிப் போடுங்க. அதுல பம்ப் கிடையாது, ஃபேன் போச்சுன்னா ஃபேனை மட்டும் மாத்திக்கலாம். அடியில மாட்டி அழகு பார்க்கிறதை விட அது ஆயிரம் மடங்கு மேல்.

அடித்தட்டுதான் சரின்னு வாதாட யாராவது இருந்தா பின்னூட்டத்துக்கு வாங்க, கும்மிருவோம்!

டிஸ்கி: பம்ப் ரேடியேட்டர்லயோ குழாய் நடுவுலயோ இருக்கிற மாடல்களும் உண்டு. அங்கயும் விதி ஒண்ணுதான்: பம்ப் உச்சியில இருக்கக் கூடாது. அனானி அண்ணன்கள் கவனிக்க ;-)