கடன்பட்டோர் கேட்கும் கணக்கு



1995ஆம் ஆண்டு பெர்லின் நகரில் தொடங்கிய தட்பவெப்ப மாநாடு, 2025ஆம் ஆண்டு நவம்பரில் பிரேசில் நாட்டுப் பெலெம் நகரில் முப்பதாவது முறையாகக் கூடிக் கலைந்தது. நிலக்கரி, கன்னெய், எரிவளி ஆகிய மூன்றையும் எரிப்பதே ஞாலம் வெம்புதற்குத் தலையாய ஏது என்று அறிவியலார் என்றோ அறுதியிட்டுரைத்துவிட்டனர். அவற்றைக் கைவிடுதற்கு ஒரு வழிவகை வகுக்க வேண்டுமெனப் பல நாடுகள் அங்குக் கேட்டன. ஆயினும் இறுதித் தீர்மானத்தில் அம்மூன்றன் பெயர்தானும் இடம்பெறவில்லை. நோயின் பெயரைச் சொல்ல அஞ்சும் மருத்துவன் என்ன மருந்து கொடுப்பான்? ஈராண்டுக்கு முன்னர்த் துபாயிற் கூடிய மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரோ அபுதாபி அரசின் கன்னெய் நிறுமத்துக்கே தலைவர். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன் என்று நம் பாட்டிமார் சொல்வது இதனைத்தான்.

ஞாலம் வெம்புகின்றதென்பதில் எமக்கு ஐயமில்லை. எம் ஐயமெல்லாம் இம்மாநாடுகளின்மேலும், அவற்றின் முன்வரிசையிலமர்ந்து உலகுக்கு அறிவுரை வழங்கும் ஐரோப்பிய ஆட்சியாளர்மேலுமே.

2009ஆம் ஆண்டு கோபனேகன் மாநாட்டில் செல்வ நாடுகள் ஓர் உறுதிமொழி தந்தன. 2020ஆம் ஆண்டளவில் ஏழைநாடுகளுக்கு ஆண்டுதோறும் பத்தாயிரங்கோடித் தாலர் திரட்டித் தருவோம் என்பது அது. 2022ஆம் ஆண்டில்தான் அத்தொகை எட்டப்பட்டதென்று அந்நாடுகளின் அமைப்பே பின்னர் அறிவித்தது. அதிலும் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன், கூரை வேய வட்டிக்குப் பணந் தருவதைக் கொடையென்று எழுதிக்கொள்ளும் கணக்கு இது. 2024ஆம் ஆண்டு பாக்கு மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1,30,000 கோடித் தாலர் கேட்டன. 2035ஆம் ஆண்டளவில் 30,000 கோடி தருவதாகச் செல்வர் இசைந்தனர்.

இனிச் செருமனியைப் பாருங்கள். புகுசிமா அணுவுலை வெடித்த 2011ஆம் ஆண்டிலேயே, அணுவுலைகளையெல்லாம் மூடுவதென அங்கேலா மெர்க்கலின் ஆட்சி முடிவு செய்தது. 2023ஆம் ஆண்டு ஏப்பிரல் 15ஆம் நாள் கடைசி மூன்றும் மூடப்பட்டன. இடைக்காலமெல்லாம் உருசிய எரிவளியை நம்பியிருந்தனர். 2022ஆம் ஆண்டு உக்ரைன் போர் மூண்டு எரிவளி நின்றபோது, ஓய்வு கொடுத்த நிலக்கரி உலைகளுக்கே மீண்டும் தீ மூட்டினர். 2023 சனவரியில் இலுட்சராத்து என்னுஞ் சிற்றூரைப் பழுப்பு நிலக்கரிக்காக வெறுமையாக்கினர். மரத்தின்மேற் குடிலமைத்துக் காத்த இளைஞரைக் காவலர் இழுத்துச் சென்றனர். அப்போதைய ஆட்சியிற் பசுமைக் கட்சியும் பங்காளி! (அம்மரத்தின்மேல் இருந்தோரும் ஐரோப்பியரே என்பதையும் மறவாதிருப்போம். அவர்கள்மேல் எமக்கு யாதொரு வழக்குமில்லை.) அதே 2022ஆம் ஆண்டில், நீர்ம எரிவளி ஏற்றிய கப்பல்களை ஐரோப்பியர் மிகை விலை கொடுத்துத் தம்பால் திருப்பிக்கொண்டதனாற் பாக்கித்தானமும் வங்காள தேசமும் இருளில் மூழ்கின. அவ்வாண்டு சூலையில் எரிவளிக்கும் அணுமின்னுக்கும் பசுமைப் பட்டஞ் சூட்ட ஐரோப்பிய நாடாளுமன்றம் இசைவளித்தது. பெயரை மாற்றினாற் புகை மறைந்துவிடுமா?

செருமானியர் ஒருவர் ஓராண்டில் வெளியேற்றும் கரிவளி ஏறத்தாழ 7 டன். இந்தியாவில் தலைக்கு 2 டன்னளவே. எனினும் 2021ஆம் ஆண்டு கிளாசுகோ மாநாட்டில் நிலக்கரியைப் பற்றிய குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டது இந்தியாவே. இப்பொழுது 2026 சனவரி முதல், இரும்பு, அலுமினியம், பைஞ்சுதை முதலிய பொருள்களுக்கு ஐரோப்பிய எல்லையிற் கரிவரி நடைமுறைக்கு வந்துள்ளது. அப்பணம் வெள்ளத்தாலும் வறட்சியாலும் வாடும் நாடுகளுக்கன்று, ஐரோப்பியக் கருவூலத்துக்கே சேரும்.

இவற்றுக்கும் போடிநாயக்கனூருக்கு மேலுள்ள குரங்கணிக்கும் என்ன தொடர்பென்று வினவலாம். நிரம்பவுண்டு. 1877ஆம் ஆண்டு மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்சாற்று அரசரிடமிருந்து கண்ணன்தேவன் மலையை உரிமையாகப் பெற்றார். அதன்பின் அம்மலைகளின் சோலைக்காடுகள் வெட்டப்பட்டுத் தேயிலைத் தோட்டங்களாயின. மலைமக்கள் 'டாப்பு டேசன்' என்னும் உச்சிநிலையத்திலிருந்து குரங்கணிக்கருகே கொட்டக்குடிக்குக் கம்பிவடம் கட்டினர். தேயிலைப் பெட்டிகள் அதில் தொங்கியிறங்கிப் போடி வழியாகத் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறின. மரம் வெட்டிய கூலிகளும் கொழுந்து கிள்ளிய பெண்டிரும் நம் தமிழரே. அத்தோட்டங்களின் மலைத் தொடர்வண்டியை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்றது. கம்பிவடமும் இன்றில்லை, வெட்டிய காடு திரும்பவுமில்லை.

அவ்வாறு காடழித்தோரின் வழித்தோன்றல்கள் 2023ஆம் ஆண்டு ஒரு சட்டம் இயற்றினர். 2020ஆம் ஆண்டு முடிவுக்குப் பின்னர்க் காடழித்த நிலத்தில் விளைந்த குளம்பி ஐரோப்பாவுக்குள் நுழைதல் கூடாது. எந்நிலத்தில் விளைந்ததென்று நிலப்படக் குறியுடன் காட்டல் வேண்டும். காடு காக்கும் நோக்கத்தை யாம் குறை சொல்லவில்லை. ஆனால் 1877 எங்கே, 2020 எங்கே? கணக்குத் தொடங்கும் நாளைக் கடன்பட்டவனே குறித்துக்கொள்ளும் விந்தை இது. தம் வாணிகர்க்கு இடையூறென்றதும் அச்சட்டத்தை இருமுறை தள்ளிவைத்தனர். கொட்டக்குடிச் சரிவிற் குளம்பி பயிரிடும் சிற்றுழவன் கேட்டிருந்தால் ஒருநாள் தள்ளியிருப்பார்களா?

ஏலத்தின் நிலையோ இன்னுங் கொடிது. (செடியின் பெயரான ஏலம் நம் சொல், விலைகூறி விற்கும் 'ஏலம்' போர்த்துக்கேயர் வழி வந்ததென்பர். போடியில் இரண்டும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.) நிழலும் ஈரமும் இன்றேல் ஏலச்செடி வாழாது. 2024ஆம் ஆண்டுக் கோடையில் மழை பொய்த்து இடுக்கி மலைகளிற் செடிகள் பெருமளவிற் பட்டுப்போயின. செடி பட்டால், விடியுமுன் ஊர்தியில் நெருக்கியடித்துப் போடிமெட்டு ஏறும் எம் பெண்டிரின் கூலியும் படும். முப்பது மாநாடுகளின் தீர்மானங்களில் இவர்களுக்கென்று ஒரு வரி உண்டா?

அயலாரை மட்டும் பழித்து அமைவது முறையன்று. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள் குரங்கணி மலைத்தீயில் மலையேறச் சென்றோர் 23 பேர் மாண்டனர். அத்தீயை ஞால வெப்பத்தின் தலையிற் கட்டிவிடுதல் எளிது. மலையேற்றத்துக்குரிய ஒழுங்குமுறை விதிகளைத் தமிழக அரசு அச்சாவுகளுக்குப் பின்னரே அவ்வாண்டிற் கொணர்ந்தது. மின்னாக்கத்திலும் இதே கதைதான். செருமனி அணுவுலையை மூட முடிவு செய்த அதே 2011ஆம் ஆண்டில், கூடங்குளம் வேண்டாவென்று இடிந்தகரை மீனவர் உண்ணாநோன்பிருந்தனர். செருமானியர் செய்தது தொலைநோக்கு எனப்பட்டது. இடிந்தகரையார் செய்தது நாட்டுப்பகை வழக்காயிற்று. காற்றாலையில் நெடுங்காலம் முதலிடம் வகித்த தமிழகத்தில், காற்று வீசும் பருவத்திலேயே மின்னாக்கத்தைக் குறைக்கச் சொன்ன ஆண்டுகளும் உண்டு; கொண்டுசெல்லக் கம்பித்தடம் போதவில்லை!

ஆகவே கொட்டக்குடி ஊராட்சியார்க்கும் போடி வட்டத்து உழவர்க்கும் ஒன்று சொல்வோம். வரும் ஊரவைக் கூட்டத்தில் மூன்றைத் தீர்மானமாக எழுதுங்கள். கோடைக்கு முன்னரே மலைச்சரிவுகளில் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், தீக்காவலர்க்கு ஆண்டு முழுமைக்கும் கூலி தரவும் வேண்டும். வறட்சியால் வேலையிழக்கும் ஏலத்தோட்டக் கூலிகளுக்கு இழப்பீடு வேண்டும். சிற்றுழவரின் குளம்பி நிலங்களை அரசே கட்டணமின்றி அளந்து குறித்துத் தரல் வேண்டும். தில்லியார் அடுத்த மாநாட்டுக்கு வானூர்தி ஏறுமுன் இத்தீர்மானத்தின் படியொன்று அவர்தம் கைக்குச் சேரட்டும்.