மாட்டு டாக்டர் ஆகட்டும் உங்கள் மகள்

கேள்வி: என் மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ உயிரியல் பிரிவு படிக்கிறாள். சிறு வயதிலிருந்தே ஆடு, மாடு என்றால் அவளுக்கு உயிர். கால்நடை மருத்துவம்தான் படிப்பேன் என்கிறாள். 'பொம்பளப் புள்ளைக்கு மாட்டு டாக்டர் வேலை எதுக்கு? நர்சிங் படிக்க வை' என்கிறார்கள் உறவினர்கள். எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி, மூன்று கறவை மாடுகள். என்ன முடிவு எடுப்பது?
– வாசகர், கள்ளக்குறிச்சி மாவட்டம்

பதில்: நான் வேளாண்மைத் துறைக்காரன். பயிருக்கு வைத்தியம் சொல்கிறவன். ஆனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் எங்கள் வேளாண்மை விரிவாக்க மையமும் கால்நடை மருந்தகமும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. அங்கே இருந்த டாக்டரைப் பல வருடங்கள் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். 1989-ல் பணியில் சேர்ந்து, சில ஆண்டுகளுக்கு முன் ஓய்வு பெற்றவர். அவர் வேலையைச் சொல்கிறேன். பிறகு முடிவை நீங்களும் மகளும் சேர்ந்து எடுங்கள்.

அவர் பணியில் சேர்ந்த காலத்தில் வெக்கை நோய்க்குத் தடுப்பூசி போடுவது பெரிய வேலை. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்தப் பெயர் தெரியும். கழிச்சல் கண்டு, வாயில் புண் வைத்து, ஒரு வாரத்தில் பட்டி காலியாகிவிடும். 1954-ல் தொடங்கிய தேசிய ஒழிப்புத் திட்டத்தில் டாக்டர்களும் உதவியாளர்களும் ஊர் ஊராகப் போய் ஊசி போட்டார்கள். பிறகு ஊசியை நிறுத்திவிட்டு, நோய் எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று கிராமம் கிராமமாகத் தேடினார்கள். 2006-ல் இந்தியா வெக்கை நோய் இல்லாத நாடு என்று அங்கீகாரம் பெற்றது. 2011-ல் உலகத்திலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. மனிதர்களின் பெரியம்மைக்கு அடுத்து, உலகத்தை விட்டே துரத்தப்பட்ட நோய் இது ஒன்றுதான். உங்கள் மகள் 'வெக்கைன்னா என்ன?' என்று கேட்டால், அந்த டாக்டர்கள் வேலையை முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

அன்றாட வேலை வேறு மாதிரி. ஈன்று ஒரு நாள், இரண்டு நாள் ஆன நல்ல கறவை மாடு திடீரென்று படுத்துவிடும். கழுத்தை விலாப்பக்கம் மடக்கி வைத்துக்கொள்ளும். காது சில்லென்று இருக்கும். வீட்டில் அழுகை தொடங்கிவிடும். இது பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பு சுடாது. பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து மொத்தமாக இறங்கி, ரத்தத்தில் குறைந்துபோவதால் வருவது. டாக்டர் கால்சியம் மருந்தை ரத்தக்குழாயில் மெதுவாக ஏற்றுவார். அவசரப்பட்டு வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். அதனால் ஒரு கையில் பாட்டில், இன்னொரு கை மாட்டின் நெஞ்சில். செத்ததாக நினைத்த மாடு பல சமயம் சற்று நேரத்தில் தானாக எழுந்து நிற்கும். 'இதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இன்னொரு முப்பது வருஷம் வேலை பார்க்கலாம் சார்' என்பார்.

மாட்டுப் பொங்கல் அன்று அவருக்கு விடுமுறையே கிடையாது. ஆசையாக வளர்த்த மாட்டுக்கு ஒரு பானைப் பொங்கலை ஊட்டிவிடுவோம். வைக்கோலுக்கும் புல்லுக்கும் பழகிய வயிறு, அரிசியும் வெல்லமும் மொத்தமாகப் போனால் புளித்து அமிலமாகிவிடும். அசைபோடாது, வயிறு உப்பும், படுத்துவிடும். சாயங்காலம் மருந்தக வாசலில் வரிசை நிற்கும். அவர் யாரையும் திட்டியதில்லை. 'சாமிக்குக் காட்டுற மாதிரி ஒரு கைப்பிடி போதும்மா' என்று மட்டும் சொல்வார்.

மிருகங்கள் மேல் பிரியம் என்றால் கொஞ்சுவது என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு பாட்டி வீட்டில் ஒரே ஒரு பசு. வாயில் எச்சில் ஒழுக, குரல் மாறிக் கத்திக்கொண்டிருந்தது. 'தொண்டையில ஏதோ சிக்கியிருக்கு, கையை விட்டு எடுங்க' என்றார்கள். டாக்டர் கை வைக்கவில்லை. 'நாய் ஏதாவது கடிச்சுதா?' என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் தெருநாய் ஒன்று கடித்தது அப்போதுதான் அவர்களுக்கு நினைவு வந்தது. வெறிநோய். யாரும் கிட்டே போகாமல் மாட்டைத் தனியே கட்டச் சொன்னார். முதல் நாள் அதன் வாயில் கைவிட்டுப் பார்த்த பேரனையும், எச்சில் பட்ட மற்றவர்களையும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி ஊசி போட வைத்தார். 'டாக்டர் மாட்டைத் தொடக்கூட இல்லை' என்று ஊரில் பேசினார்கள். இரண்டு நாளில் பசு செத்தது. அது செத்த பிறகுதான் ஊருக்குப் புரிந்தது. பாட்டிக்குப் போனது ஒரு பசு. பேரன் இன்றைக்கும் நன்றாக இருக்கிறான்.

உங்கள் மகளிடம் இதையும் சொல்லுங்கள். காப்பாற்ற முடியாத நாட்கள் இந்த வேலையில் நிறைய உண்டு. செத்த மாட்டை அறுத்துப் பிரேதப் பரிசோதனை செய்ய வேண்டும். புழு வைத்த புண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். கரு கலைந்த மாட்டைப் பார்க்கும்போது கையுறை இல்லாமல் தொட்டால், மாட்டின் கருச்சிதைவு நோய் டாக்டருக்கே தொற்றும். நடுராத்திரி கன்று குறுக்கே திரும்பிவிட்டது என்று போன் வரும்.

'பெண்ணுக்கு அந்தப் பலம் இருக்குமா?' என்பதுதான் உறவினர்களின் சந்தேகம். கன்றை இழுத்து எடுப்பதல்ல, உள்ளே தள்ளி, திருப்பி, வழிக்குக் கொண்டுவருவதுதான் வைத்தியம். அதற்குப் பலத்தைவிடப் பொறுமையும் பழகிய கையும் முக்கியம். ஆட்டுக்குப் பிரசவம் பார்க்கச் சின்னக் கைதான் வசதி. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் 1952-லேயே சக்குபாய் ராமச்சந்திரன் பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் பெண் கால்நடை மருத்துவர்களில் அவர் ஒருவர். இன்று மருந்தகங்களில் பெண் டாக்டர்கள் ஏராளம்.

படிப்பு விவரம்: பி.வி.எஸ்சி அண்டு ஏ.ஹெச். ஐந்தரை ஆண்டுகள். கடைசி ஒரு வருடம் பயிற்சி. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. சென்னை, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தேனி, உடுமலைப்பேட்டையில் கல்லூரிகள் உள்ளன. உங்களுக்குப் பக்கத்திலேயே தலைவாசலில் ஒன்று இருக்கிறது. மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்தான் கணக்கு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதற்கான சான்றிதழைப் பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள். பிளஸ் டூ தேர்வு முடிந்ததும் பல்கலைக்கழகத்தின் விண்ணப்ப அறிவிப்பைத் தினமும் கவனியுங்கள். கட்டண விவரமும் அதில் இருக்கும். போட்டி கடுமைதான். இடம் கிடைக்காவிட்டால் அதே பல்கலைக்கழகத்தில் பால்வளத் தொழில்நுட்பம், கோழியினத் தொழில்நுட்பம் பி.டெக். படிப்புகளும் இருக்கின்றன.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். விடுமுறையில் பத்து நாள் காலையில் உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்துக்கு, டாக்டரிடம் அனுமதி கேட்டு, மகளை அனுப்புங்கள். ஓரமாக நின்று பார்க்கட்டும். ரத்தம், நாற்றம், சாணம், காப்பாற்ற முடியாத ஓர் உயிர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பதினோராவது நாளும் அவளாகவே கிளம்பினால் தயங்காமல் படிக்க வையுங்கள். உறவினர்களுக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் மாடு ராத்திரி இரண்டு மணிக்குக் கன்று போட முடியாமல் தவிக்கும்போது, உங்கள் வீட்டுக்குத்தான் போன் வரும்.

மற்ற வாசகர்களுக்கு ஒரு குறிப்பு: பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் ஆகியும் கன்றின் கால் வெளியே தெரியாவிட்டால், கயிறு கட்டி நாலு பேர் இழுக்காதீர்கள். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணை அழைக்கலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை.