கோழிக் கொட்டகையில் அம்மோனியா: மூக்கை நம்பலாமா?

கொட்டகையினுள் நுழைந்ததும் கண் கரிக்காவிடில் காற்று சுத்தமாயிருக்கிறதென்றே கோழி வளர்ப்போரில் அனேகர் எண்ணுகின்றனர். இது தவறு. நாள்தோறும் அம்மோனியா வாயுவில் உழல்பவரின் மூக்கு அதற்குப் பழகி மரத்துப்போகிறது. தவிரவும், மனிதன் மூச்சு விடுவது ஐந்தடி உயரத்தில்; குஞ்சு மூச்சு விடுவதோ வாயு பிறக்கும் கூளத்தையொட்டி.

எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் இவ்வாயு உண்டாகிறது. பல்லடம் வட்டாரத்துக் கறிக்கோழிக் கொட்டகைகளைப்போல் ஆழ்கூளம் பரப்பிய இடங்களில், தண்ணீர்க் குழாய் ஒழுகிக் கூளம் நனைந்தாலும், குஞ்சுகளுக்குக் குளிர் தாக்காதிருக்கப் படுதாக்களை இறக்கி மூடினாலும் இது மிகும். பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்குக்கு மேற்படலாகாதென்பது பொதுவாய் ஒப்புக்கொள்ளப்பட்ட வரம்பு. மிஞ்சினால் கண் புண்ணாகும். மூச்சுக்குழலின் நுண்மயிர்கள் கெட்டு நோய்க்கு வழி திறக்கும். தீனி எடுப்பது குறையும். அன்றியும், காற்றோடு போவது எருவின் தழைச்சத்தே.

இவ்வாயுவை அளக்க உலோக ஆக்ஸைடு உணர்கருவிகள் உள்ளன. சூடேற்றிய துத்தநாக ஆக்ஸைடு ஏட்டில் வாயு பட்டால் அதன் மின்தடை மாறுவதை 1962ல் ஜப்பானில் செயாமாவும் அவர் துணைவரும் காட்டினர். வெள்ளீய ஆக்ஸைடும் இவ்வகையதே. இதனை 200 முதல் 400 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றுகையில், காற்றிலுள்ள பிராணவாயு அதன் மேற்பரப்பில் ஒட்டி எலெக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்வதால் மின்தடை உயர்கிறது. அம்மோனியா வந்து அப்பிராணவாயுவுடன் கூடியவுடன் எலெக்ட்ரான்கள் விடுபட்டு மின்தடை தாழ்கிறது. அத்தாழ்வே அளவு. ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு நானோமீட்டர் எனப்படும். ஆக்ஸைடைச் சில பத்து நானோமீட்டர் துகள்களாக்கினால், அதே எடைக்கு வாயு படும் பரப்பு பன்மடங்காகி, சிறு அளவும் புலப்படுகிறது.

ஆயினும் கருவியைக் கண்மூடி நம்பலாகாது. காற்றின் ஈரம் அதன் காட்டுதலை மாற்றும். சாராயம் கலந்த கிருமிநாசினியின் ஆவியையும் அது அம்மோனியாவெனக் காட்டக்கூடும். நாளடைவில் அளவும் வழுவும். ஆகையால் அளவறிந்த வாயுவில் வைத்து அவ்வப்போது ஒத்துப்பார்த்தல் அவசியம். கருவியைத் தொங்கவிட வேண்டியதும் கோழியின் தலை மட்டத்தில்தான்.

சிறு பண்ணையாளருக்கு இது வீண் செலவென்று சிலர் கூறுவர். தனியே வாங்கவும் ஒத்துப்பார்க்கவும் அவரால் இயலாதென்பது மெய். ஆனால் குஞ்சு கொடுத்து வளர்க்கச் செய்யும் நிறுவனங்கள், குஞ்சுச் சாவையும் தீனிச் செலவையும் கணக்கிட்டன்றோ வளர்ப்புக் கூலியைத் தீர்மானிக்கின்றன? காற்றின் கேட்டால் வரும் நஷ்டத்தை வளர்ப்பவர் தலையில் வைப்போர், அக்காற்றை அளக்கும் கருவியையும் கொடுப்பதே நியாயம். சொந்தமாக வளர்ப்போர் பத்துப் பேர் கூடி ஒரு கருவி வைத்துக்கொள்ளலாம்.

கருவி காற்றைச் சுத்தம் செய்யாது. எப்போது செய்ய வேண்டுமென்று சொல்லும், அவ்வளவே. ஒழுகும் குழாயை அடைத்து, ஈரக் கூளத்தை அகற்றி, மற்றதைக் கிளறி உலரவிட்டு, குளிர்காலத்திலும் படுதாவின் மேற்பக்கத்தைச் சிறிது திறந்துவைப்பதே பரிகாரம். மூக்கு மரத்த பின்னும் எச்சரிக்கும் கருவி ஒன்றிருந்தால், இவற்றைக் குஞ்சுகளின் கண் கலங்குமுன்பே செய்துவிடலாம்.