சந்தாவும் கணக்கும்

1919 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்க வணிக, தொழில்முறைப் பெண்கள் மன்றங்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது. கிறிஸ்தவ இளம்பெண்கள் சங்கத்தின் போர்க்கால நிதி வித்திட, வழக்கறிஞர் லீனா மேடசின் பிலிப்ஸ் முன்னின்று கட்டினார். பிறகு அதைத் தாங்கியது சந்தாதான். தட்டச்சாளரும் ஆசிரியையும் உள்ளூர் மன்றத்தில் கட்டிய டாலரில் ஒரு பங்கு மாநில அமைப்புக்கும், இன்னொரு பங்கு தேசியத் தலைமைக்கும் போனது. 1930இல் ஜெனீவாவில் சர்வதேசக் கூட்டமைப்பும் பிறந்தது.

சந்தாவை நம்பும் அமைப்பு, உறுப்பினர் குறைந்தால் தள்ளாடும். இந்த அமெரிக்கக் கூட்டமைப்பும் 2009இல் தன் அறக்கட்டளையோடு இணைந்துவிட்டது. பெரும் வருத்தம் இது. நம் ஊர்ப் பெண் தொழில்முனைவோர் சங்கங்கள் கவனிக்க வேண்டும்: தலைமைக்குப் போகும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ஆண்டுதோறும் கிளைக்குக் கணக்கு வரட்டும், சம்பளம் வாங்கும் செயலாளர் ஒருவராவது இருக்கட்டும், புதிதாகச் சேரும் இளம்பெண்ணுக்கு முதல் ஆண்டுச் சந்தாவைப் பாதியாக்குங்கள்.