காருக்கும் மூட்டுவலி!

வயதானால் மனிதர்களுக்கு முழங்கால் பிடித்துக்கொள்வது சகஜம். மோட்டார் காருக்கும் அப்படித்தான். வீட்டுக்காரரோ பிள்ளையோ துருப்பிடித்த மாரிஸ் மைனர் ஒன்றை வாங்கி வந்து, "இதை நானே புதுசாக்கிவிடுகிறேன், பார்!" என்று சட்டைக் கையை மடித்துவிட்டால் என்ன செய்வீர்கள், சகோதரி? தலையில் அடித்துக்கொள்ள வேண்டாம். கொஞ்சம் விஷயம் தெரிந்தால் நீங்களே மேற்பார்வை பார்க்கலாம், ஸ்பானரும் பிடிக்கலாம்!

இந்த வண்டி இங்கிலாந்தில் 1948-ல் பிறந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். சுமார் 16 லட்சம் வண்டிகள் செய்தார்கள். கொழும்பு, யாழ்ப்பாணம் பக்கம் போனால் இன்றும் இவை ஓடக் காணலாம்.

ஆசாமி முதலில் பெயின்ட் டப்பாவைத்தான் தேடுவார். தடுத்துவிடுங்கள். காரின் மூட்டெல்லாம் அடியில் இருக்கிறது. முன்பக்கம் நீளமான இரும்புத் தண்டு ஒன்று முறுக்கிக்கொண்டு பாரத்தைத் தாங்குகிறது. டார்ஷன் பார் என்று பெயர். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர். மட்கார்டை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒரு தரம் எழும்பி நின்றால் சரி. தூளி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் குறைந்திருக்கும், அல்லது உள்ளே தேய்ந்திருக்கும்.

பெரிய ஆபத்து முன் சக்கரத்தில் இருக்கிறது. அதைத் தாங்கும் கம்பத்தின் இரு முனையிலும் மரை உண்டு. கிரீஸ் காணாமல் மரை தேய்ந்துவிட்டால், ஒரு நாள் கீழ் மூட்டு கழன்று சக்கரம் மடங்கிவிடும். நடுரோட்டில் இது நடந்தால் என்ன ஆகும்! ஆகவே 1,000 மைலுக்கு ஒரு முறை, சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி கிரீஸ் அடிப்பது நல்லது.

துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டக் கூடாது. இட்லிக்கு உளுந்து ஊற வைப்பதில்லையா? அதுபோல் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். டார்ஷன் பாரைக் கழற்றினால் இடது, வலது என்று அடையாளம் எழுதி வையுங்கள். ஒரு பக்கம் முறுகிப் பழகியது மறுபக்கத்துக்கு உதவாது. பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். தகடு பொத்தலானால் வெல்டிங் தெரிந்தவரைக் கூப்பிட வேண்டியதுதான். உளுத்த உத்தரத்தில் புது ஊஞ்சல் மாட்டுவார்களா? ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பிறகே. இல்லாவிட்டால் ரப்பர் முறுகிச் சீக்கிரமே கிழிந்துவிடும்.

இவற்றில் எதை மறந்தாலும், ஒன்றை மறக்காதீர்கள். வெறும் ஜாக்கியை நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஜாக்கி தூக்குவதற்குத்தான், தாங்குவதற்கு அல்ல. செங்கல் அடுக்கி முட்டுக் கொடுப்பதும் கூடாது, பாரத்தில் பொடிந்துவிடும். சமதரையில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, இரும்பு ஸ்டாண்டில் வண்டியை இறக்கிய பிறகே வேலை. டார்ஷன் பாரிலும் முறுக்கு விசை இருக்கிறது. கீழ்க் கையை ஜாக்கியால் தாங்கிக்கொண்டு மெள்ள இறக்க வேண்டும்.

ஸ்டாண்டு வாங்கும் செலவுக்கு அவர் முணுமுணுத்தால், பெயின்ட் பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். நிறம் அடுத்த தீபாவளிக்கு வந்தால் போதும். மனிதர் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு வரவேண்டுமே!