காலுறைக்கு ஏற்ற ஊசி

நூலுக்கு ஒவ்வாத அச்சில் நெய்த துணி நில்லாது என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் மலைப்பகுதி மாதர் சங்கங்களில் கம்பளிக் காலுறை பின்னும்பொழுது இந்த விவேகம் மறைந்துவிடுகின்றது. சங்கம் வாங்கித் தந்த ஊசி எதுவோ, அதுவே ஸ்வெட்டருக்கும் காலுறைக்கும் என்றாகிவிடுகின்றது.

காலுறை நூல் மெல்லியது. அதற்கு 2 முதல் 2.5 மி.மீ. வரை கனமுள்ள, இருமுனையும் கூரான ஐந்து ஊசிகளே பொருந்தும். நான்கில் கண்ணிகளை ஏற்றி ஐந்தாவதால் பின்ன வேண்டும். 2.25 மி.மீ. ஊசியில் 10 செ.மீ. அகலத்திற்குச் சுமார் 32 கண்ணிகள் அமைந்தால், 64 கண்ணிக்குச் சுற்றளவு 20 செ.மீ. ஆகும். பாதச் சுற்று 22 செ.மீ. உள்ளவருக்கு அது செவ்வனே பிடிக்கும். தடித்த ஊசியில் 26 கண்ணியே விழுமாயின், அதே 64 கண்ணி ஏறக்குறைய 24.6 செ.மீ. ஆகிவிடும். அக்காலுறை பூட்சுக்குள் சுருண்டு, குதிகாலில் உராய்ந்து, விரைவில் பொத்தலாகும். கண்ணிகளைக் குறைத்துவிடலாமே என்பர் சிலர். அளவு சரியாகும், பின்னலின் தளர்ச்சி போகாது.

ஊசி வாங்குவோர் எண்ணை நம்பி ஏமாறுதல் கூடாது. பழைய ஆங்கில முறையில் 13 என்பது 2.25 மி.மீ.; 10 என்பது 3.25 மி.மீ. நூலின் நம்பர் ஏற ஏற இழை மெலிவதைப் போன்றதே இது. அமெரிக்க முறையோ தலைகீழ். அங்கே 1 என்பதே 2.25 மி.மீ. ஆகவே கொள்முதல் உத்தரவில் மில்லிமீட்டரையே குறிப்பிடுக. எஃகு ஊசி விரைந்து ஓடும். பழகாதவர் கையில் கண்ணிகள் நழுவும். மூங்கில் ஊசி கண்ணியைப் பிடித்து நிறுத்தும். ஆனால் இத்துணை மெல்லிய கனத்தில் ஒடியவும் கூடும். கற்போருக்கு மூங்கிலே நலம் என்பது என் கருத்து.

ஆனால் குறை ஊசியில் மட்டுமன்று, கூலியிலும் உள்ளது. ஜோடிக்கு இவ்வளவு என்று நிர்ணயித்தால், தடித்த ஊசியை எடுப்பவரே அதிக ஜோடி முடிப்பார். மெல்லிய ஊசியில் நெருக்கமாகப் பின்னுபவர் நஷ்டமடைவார். இதற்காகப் பின்னும் பெண்களைக் குறைகூறுவது அநியாயம். காலுறையை இழுக்காமல் மேசையில் பரப்பி, 10 செ.மீ.க்குள் கண்ணிகளை எண்ணிப் பார்க்க ஓர் அளவுகோல் போதும். 30க்கு மேற்பட்டால் உயர்ந்த கூலி அளிக்கலாம். விலை ஏறுமே என்று செயலாளர்கள் தயங்கக்கூடும். ஏறத்தான் செய்யும், உழைக்கும் காலுறைக்கு அவ்விலை தகும். அடுத்த கொள்முதலுக்கு முன்பாக இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு பின்னல் அங்கத்தினர்களே நிர்வாகக் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம்.